வீட்டுக்குள் ஒரு சினிமா பெட்டி: கம்ப்யூட்டர் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மும்பை கிராண்ட் ரோடு ரெயில் நிலையத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் சில நிமிடம் நடந்தால் லாமிங்டன் ரோடு வரும். 1903-ம் ஆண்டு முதல் 1907-ம் ஆண்டு வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் அது. டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றி வெகு காலம் ஆகிறது. ஆனால் மக்கள் வாயில் பழைய பெயர்தான்.

ஒரு காலத்தில் இது சினிமா தெரு. 1975-ல் வெளியான "ஷோலே" இந்திப் படம் 5 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய மினர்வா தியேட்டர் இங்கேதான் இருந்தது. இன்றோ இது கம்ப்யூட்டர் பாகங்களின் தெரு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சயான் கோலிவாடா பகுதித் தமிழர்களும் பாகங்கள் வாங்க இங்கே வருகிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக வருகிறவர்கள் உண்டு. வீட்டு டெலிவிஷனோடு இணைக்க "ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்" கட்ட வருகிறவர்களும் உண்டு.

அது என்ன கம்ப்யூட்டர்? டெலிவிஷனுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, வீட்டில் உள்ள எல்லாப் படங்களையும் பாட்டுகளையும் போட்டோக்களையும் தன்னுள் வைத்துக்கொண்டு, ரிமோட்டை அமுக்கினால் எடுத்துக் காட்டும் பெட்டி. அவ்வளவுதான்.

இதைக் கட்ட வருகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிராசசர் நல்லது?" என்பது. பணம் வீணாவது அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. அதைக் கேட்க வேண்டியது கடையில் அல்ல, வீட்டில்.

பீரோவில் என்ன இருக்கிறது?

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சயானில் ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட வீடு. 43 அங்குல டெலிவிஷன். பீரோவின் அடித்தட்டில் 60 வி.சி.டி. தட்டுகள். கூடவே துணிப்பையில் சுற்றிய 2 வீடியோ கேசட்டுகள். 1994-ல் ஊரில் நடந்த கல்யாணம் அதில் இருக்கிறது. மணப்பந்தலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்ற பெரியவர் இன்று இல்லை. அவர் நடப்பதும் பேசுவதும் அந்த கேசட்டில் மட்டுமே உண்டு.

இப்படிப்பட்ட குடும்பத்துக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் உண்மையில் தேவை. ஓ.டி.டி. படங்களை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தேவையே இல்லை. ஸ்மார்ட் டெலிவிஷனோ, அதன் பின்புறம் செருகும் சிறிய ஸ்டிக்கோ போதும். சொல்லப்போனால் அந்த வேலையில் கம்ப்யூட்டரைவிட அவையே மேல். நகல் எடுப்பதற்குப் பயந்து, பல ஓ.டி.டி. கம்பெனிகள் கம்ப்யூட்டருக்குக் குறைந்த தரத்தில்தான் படத்தை அனுப்புகின்றன. 4கே தரம் சில பிரவுசர்களில் அல்லது சில ஆப்களில் மட்டுமே கிடைக்கும்.

ஆகவே கணக்கை பீரோவிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வி.சி.டி. தட்டில் 700 முதல் 800 எம்.பி. வரை பதிவு இருக்கும். 60 தட்டுக்கும் சேர்த்து 50 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். கேசட்டுகள் தலா 3 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 2 ஜி.பி. வீதம் 12 ஜி.பி. ஆக, குடும்பத்தின் மொத்தச் சொத்தும் 62 ஜி.பி.தான். இவர்களுக்கு எதற்கு 8 டி.பி. ஹார்டு டிஸ்க்?

டெலிவிஷனிலிருந்து பின்னோக்கி

அடுத்துப் பார்க்க வேண்டியது டெலிவிஷன். கம்ப்யூட்டர் எவ்வளவு பெரிதானாலும் டெலிவிஷன் காட்டக்கூடியதைத்தான் காட்ட முடியும். ரெயில் பாதையில் ஒரு பாலம் பலவீனமாக இருந்தால், எவ்வளவு வேகமான எஞ்சினும் அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும். இதுவும் அப்படித்தான்.

டெலிவிஷன் 4கே ரகம் என்றால், மதர்போர்டில் உள்ள எச்.டி.எம்.ஐ. வாய் 2.0 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். 1.4 என்றால் 4கே படம் வினாடிக்கு 30 தடவைதான் மாறும். 2.0-ல் 60 தடவை. மதர்போர்டின் விவரக் குறிப்பில் இது அச்சிட்டிருக்கும். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் அதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இதில் ஓர் உண்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும். வி.சி.டி. படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் இருப்பவை சுமார் 83 லட்சம் புள்ளிகள். அதாவது 81 மடங்குக்கு மேல். வி.சி.டி.யைப் பெரிய திரையில் போட்டால் மங்கலாகத்தான் இருக்கும். எந்தப் பாகத்தை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தாலும் இது மாறாது. "இந்தக் கார்டு போட்டால் பழைய படம் பளபளக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிராசசர்

இப்போது பிராசசருக்கு வரலாம். படங்கள் சுருக்கிப் பதிவு செய்யப்பட்டிருக்கும். ஓடும்போது அவற்றை விரித்தாக வேண்டும். இந்த விரிக்கும் வேலைக்கென்றே பிராசசருக்குள் தனிப் பகுதி உண்டு. அது இருந்தால் கம்ப்யூட்டர் சூடேறாமல், மூச்சு வாங்காமல் படம் ஓட்டும். அது இல்லாவிட்டால் மொத்த பிராசசரும் முக்கி முனகும். படம் திக்கும். விசிறி அலறும்.

சுருக்கும் முறைகள் பல. எச்.264 பழையது. எல்லாக் கம்ப்யூட்டரும் ஓட்டும். எச்.இ.வி.சி. எனப்படும் எச்.265 முறையில் இன்றைய 4கே படங்கள் வருகின்றன. யூடியூப் வி.பி.9, ஏ.வி.1 முறைகளைப் பயன்படுத்துகிறது.

இன்டெல் கம்பெனியின் 7-வது தலைமுறை முதல் எச்.இ.வி.சி. 10 பிட் படங்களும் வி.பி.9 படங்களும் தொல்லையின்றி ஓடும். 11-வது தலைமுறை முதல் ஏ.வி.1 முறையும் சேர்ந்துகொண்டது. ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5600ஜி நல்ல பிராசசர்தான். ஆனால் ஏ.வி.1 விரிக்கும் பகுதி அதில் கிடையாது. 8600ஜி பிராசசரில் உண்டு.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு 12-வது தலைமுறை ஐ3-12100 தாராளம். அதைவிடச் சிக்கனம் வேண்டுவோருக்கு இன்டெல் என்100 இருக்கிறது. 2023-ல் வந்தது. மதர்போர்டிலேயே பதித்து விற்கிறார்கள். மின்சாரம் மிகக் குறைவு. மேலே சொன்ன எல்லா முறைகளையும் ஓட்டும்.

ஒரு எழுத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். ஐ3-12100 வேறு, ஐ3-12100எப் வேறு. கடைசியில் "எப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று வாங்கி வந்தால், டெலிவிஷனில் படம் வர வேண்டி தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க நேரிடும். மிச்சம் பிடித்தது போல் பல மடங்கு செலவாகும். மற்றபடி விளையாட்டுப் பிரியர்கள் தவிர யாருக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு அவசியம் இல்லை.

ஆபீசுகளில் கழித்த பழைய கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் தலைமுறையைக் கேட்டு வாங்க வேண்டும். 4-வது தலைமுறைப் பெட்டி வி.சி.டி., டி.வி.டி., சாதாரண எச்.டி. படங்களை நன்றாக ஓட்டும். 4கே படத்தில் தடுமாறும். பீரோவில் இருப்பது பழைய தட்டுகள் மட்டுமே என்றால், அதுவே போதும்.

சத்தம் வரக்கூடாது

சினிமா கம்ப்யூட்டருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகத்தில் இல்லை, அமைதியில் இருக்கிறது. படத்தில் கதாநாயகி மெல்லிய குரலில் பேசும்போது, பெட்டிக்குள் விசிறி "உஸ்" என்று இரைந்தால் எல்லாம் கெட்டது.

விசிறி எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் போதும். சத்தமும் அவ்வளவு குறையும். 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறி மேல். கேபினட் வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

கேபினட் வாங்குமுன் டெலிவிஷன் ஸ்டாண்டை டேப் வைத்து அளக்க வேண்டும். மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். சிறிய கேபினட்டில் அடங்கும். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 24.4 சென்டிமீட்டர் சதுரம் வரை வரும். இடம் கூடுதல் வேண்டும். ஆனால் விலை பெரும்பாலும் குறைவு. கட்டையான கேபினட் என்றால் பிராசசர் மேல் வைக்கும் கூலரும் கட்டையாக இருக்க வேண்டும். பெட்டி வந்தபின் மூடி மூடவில்லை என்று திரும்ப ஓடக்கூடாது.

மும்பையில் தூசியும் கடல் காற்றின் ஈரமும் உண்டு. பெட்டியை ஷோகேசுக்குள் அடைத்து, மேலே பூ வேலைத் துணியும் போட்டு மூடினால் மே மாதத்தில் வெந்துவிடும். நாலு பக்கமும் 4 விரற்கடை காற்று போக இடம் விட வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்சாரப் பகுதியில் கஞ்சத்தனம் கூடாது. மலிவு கேபினட்டோடு சேர்த்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். சத்தமும் போடும், சில சமயம் மற்றப் பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கும். தெரிந்த கம்பெனியின் 400 அல்லது 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டிய அளவுக்கு மேல். 750 வாட் வாங்குவது, இரண்டு பேர் போகும் வண்டிக்கு லாரி எஞ்சின் போடுவது மாதிரி.

மின்சாரக் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். 100 வாட் இழுக்கும் பெட்டி தினம் 5 மணி நேரம் ஓடினால் மாதம் 15 யூனிட். 15 வாட் இழுக்கும் பெட்டி என்றால் இரண்டேகால் யூனிட்.

ரேம், ஹார்டு டிஸ்க்

ரேம் 8 ஜி.பி. போதும். ஒரே துண்டாக வாங்குவதைவிட 4 ஜி.பி.யாக 2 துண்டு போட்டால், உள் கிராபிக்ஸ் வேகம் கூடும். என்100 மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒரே துண்டுதான் சரி.

விண்டோஸ் முதலியவற்றை வைக்க 250 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வேண்டும். இதில் சுற்றும் பாகம் இல்லை. ஆகவே சத்தமும் இல்லை. நமது சயான் குடும்பத்தின் 62 ஜி.பி. சொத்தை இதிலேயே வைத்துவிடலாம். படங்கள் நிறையச் சேர்ப்பவர்கள் மட்டும் தனி ஹார்டு டிஸ்க் வாங்கினால் போதும். டி.வி.டி. படம் ஒன்றுக்கு 8 ஜி.பி. என்று வைத்தால் 4 டி.பி. டிஸ்க்கில் 500 படங்கள் கொள்ளும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க்கைவிட 5,400 சுற்று டிஸ்க் அமைதியானது. படம் ஓட்ட அந்த வேகம் போதும்.

ஆனால் ஒரு டிஸ்க்கில் மட்டும் வைத்தால் அது பத்திரம் ஆகாது. எந்த டிஸ்க்கும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். குடும்பப் படங்களுக்கு இன்னொரு பிரதி, தனியாக யு.எஸ்.பி. டிஸ்க்கில் எடுத்து, முடிந்தால் வேறு வீட்டில் வைப்பது உத்தமம்.

ஒலி

5.1 ஒலி என்றால் 6 ஒலிபெருக்கி. இதற்கு ஏ.வி. ரிசீவர் என்ற தனிச் சாதனம் வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து எச்.டி.எம்.ஐ. வயர் மூலமே ஒலியும் போய்விடும். ஆப்டிகல் வயர் வழியாகவும் அனுப்பலாம். ஆனால் டால்பி ட்ரூ எச்.டி. போன்ற உயர்தர ஒலி அதில் போகாது. தனி சவுண்டு கார்டு இதற்குத் தேவை இல்லை.

ஓர் அறை வீட்டுக்கு 6 ஒலிபெருக்கி எதற்கு? அதே பணத்தில் தரமான 2 ஒலிபெருக்கி வாங்கினால் வசனம் தெளிவாகக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரரும் கதவைத் தட்டமாட்டார். 6 ஒலியை 2 ஒலியாகச் சுருக்கும்போது வசனம் அமுங்கிப் போவது உண்டு. அதைச் சரிசெய்ய சாப்ட்வேரிலேயே வசதி இருக்கிறது.

சாப்ட்வேர்

மைக்ரோசாப்ட் கம்பெனி 2002-ல் "மீடியா சென்டர்" என்ற சாப்ட்வேரைக் கொண்டுவந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அதைக் கைவிட்டது. இன்று பலரும் பயன்படுத்துவது "கோடி" என்ற இலவச சாப்ட்வேர். 2014 வரை எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயரில் இருந்ததுதான் இது. விண்டோசிலும் ஓடும், லினக்சிலும் ஓடும். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். செட்டிங்கில் எழுத்துருவை மாற்ற வேண்டும்.

இன்னொரு சிறு விஷயம். சினிமா படம் வினாடிக்கு 24 பிரேம் ஓடும். நம் நாட்டு வி.சி.டி., டி.வி.டி.களில் பெரும்பாலும் 25. டெலிவிஷன் 60-ல் நின்றால், கேமரா திரும்பும் காட்சிகளில் படம் லேசாக உதறும். படத்துக்குத் தகுந்தபடி டெலிவிஷனையும் மாற்றும் வசதி கோடியில் உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் உதறல் நிற்கும்.

தட்டும் கேசட்டும்

புதிய கேபினட்டுகள் பலவற்றில் டி.வி.டி. டிரைவ் வைக்க இடமே இல்லை. யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கினால், எல்லாத் தட்டுகளையும் பிரதி எடுத்துவிட்டு எடுத்து வைத்துவிடலாம். 4கே புளூரே தட்டு போட்டுப் பார்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. அதற்கு வேண்டிய பாதுகாப்புப் பகுதியை இன்டெல் கம்பெனி 11-வது தலைமுறையிலிருந்து எடுத்துவிட்டது. அவர்கள் தனி புளூரே பிளேயர் வாங்குவதே நல்லது.

வீடியோ கேசட்டுக்கு யு.எஸ்.பி. கேப்சர் சாதனம் வேண்டும். அது கிடைக்கும். கிடைக்காதது வி.சி.ஆர்.தான். வி.சி.ஆர். தயாரித்த கடைசி கம்பெனி என்று கருதப்பட்ட ஜப்பானின் புனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று இருப்பவை எல்லாம் பழையவை. நாளுக்கு நாள் குறைந்து வருபவை. சொந்தக்காரர் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.

மழைக்கால ஈரத்தில் கேசட் டேப்பின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தாலே தெரியும். அப்படி இருந்தால் வி.சி.ஆரில் போடக்கூடாது. டேப் அறுந்துபோகும். வி.சி.ஆரும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்த பிறகே ஓட்ட வேண்டும். நல்ல கேசட் ஆனாலும், முதல் ஓட்டத்திலேயே பிரதி எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்பது நிச்சயம் இல்லை.

கடையில் கவனிக்க வேண்டியவை

பாகங்களின் பட்டியலை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போக வேண்டும். ஒரே நாளில் 3, 4 கடைகளில் விலை கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்கக்கூடாது. "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். பாகம் கெட்டால் கம்பெனி பில்லைத்தான் கேட்கும். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா, பாகத்தில் உள்ள நம்பரும் அதுவும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். இந்திய வாரண்டி உண்டா என்றும் கேட்க வேண்டும். கடையிலேயே பூட்டிக் கொடுத்தால், அங்கேயே ஒரு படத்தை ஓட்டிப் பார்த்து, விசிறிச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கடைசியாக ஒன்று. இன்று வாங்கும் பிராசசர் சில ஆண்டுகளில் பழசாகும். மதர்போர்டும் மாறும், டெலிவிஷனும் மாறும். அவற்றை மறுபடி காசு கொடுத்து வாங்கலாம். கல்யாண கேசட்டை வாங்க முடியாது. பணம் போதாவிட்டால் புதிய கம்ப்யூட்டரை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப் போடலாம். கேசட்டைப் பிரதி எடுப்பதை அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளிப் போடக்கூடாது.